சாயம் வெளுக்காத நீலம்!

நீல நரி கதையைக் கேட்காமல் வளர்ந்த குழந்தை தமிழ்நாட்டில் இருக்காது. ஊருக்குள் வந்த நரி, நாய்களுக்குப் பயந்து ஓடி, சாயக்காரர் வீட்டு நீலத் தொட்டிக்குள் விழுந்துவிடும். வெளியே வந்ததும் காடே அதை ராஜாவாக ஏற்றுக்கொள்ளும். கடைசியில் ஒருநாள் மழை பெய்து, சாயம் வெளுத்து, குட்டு உடைந்துவிட்டது என்று பல வீடுகளில் கதையை முடிப்பார்கள். பஞ்சதந்திரத்தில் மழை வராது. மற்ற நரிகளோடு சேர்ந்து ஊளையிட்டுத்தான் அது மாட்டிக்கொள்ளும். சாயத்தொழில் தெரிந்தவர்களும் மழை முடிவை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஏனென்றால், அசல் நீலச் சாயம் தண்ணீரில் கரையாது.

கரையாத அந்த நீலம், பச்சை இலையிலிருந்து வருகிறது. செடியின் பெயர் அவுரி. அந்தச் சாயத்தை இன்றும் இலையிலிருந்தே எடுக்கும் இடங்கள் உலகில் அதிகம் இல்லை. அவற்றில் ஒன்று, நம் விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது.

கடலுக்கும் செம்மண்ணுக்கும் நடுவே...

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால், சில கிலோமீட்டரில் பொம்மையார்பாளையம் வந்துவிடும். வானூர் வட்டத்து மீனவ கிராமம். ஒரு பக்கம் கரையை அரித்துக்கொண்டே வரும் கடல். மறுபக்கம் மேடாக ஏறும் செம்மண் நிலம். அந்த மேட்டின் மேல் 1968-ல் தொடங்கப்பட்ட ஆரோவில். சாலையில் இன்னும் வடக்கே போனால் மரக்காணம் உப்பளங்கள். மரக்காணத்திலிருந்து மேற்கே திரும்பினால் திண்டிவனம்.

இந்தப் பகுதி முழுவதும் வெள்ளைக்காரர் காலத்தில் தென்னாற்காடு மாவட்டமாக இருந்தது. சென்னை மாகாணத்தில் அவுரி அதிகம் விளைந்த மாவட்டங்களில் தென்னாற்காடும் ஒன்று. கடப்பை, கர்நூல், நெல்லூர் ஆகியவை மற்றவை. வங்காளத்தில் பச்சைத் தழையையே தொட்டியில் ஊறவைப்பார்கள். சோழமண்டலக் கரையில் இன்னொரு வழக்கமும் இருந்தது. தழையைக் காயவைத்து, உதிர்த்து, மூட்டையில் கட்டி வைத்துக்கொண்டு, தோதான நேரத்தில் ஊறப்போடுவார்கள். உலர் இலை முறை என்று பழைய வேளாண் நூல்கள் இதைக் குறிப்பிடுகின்றன.

ஒரு சின்ன எச்சரிக்கை. தூத்துக்குடி, திருநெல்வேலி வட்டாரத்தில் 'அவுரி' என்றால் பலர் நிலாவாரையைச் சொல்வார்கள். மலச்சிக்கலுக்குக் கொடுக்கும், ஏற்றுமதியாகும் இலை அது. நீலம் தரும் அவுரி வேறு. சித்த வைத்தியத்தில் இதற்கு 'நீலி' என்றும் பெயர். நாட்டு மருந்துக் கடையில் கேட்கும்போது இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இலையில் நீலம் இல்லை!

அவுரி இலையைக் கசக்கிப் பார்த்தால் பச்சைதான் ஒட்டும். அதில் நீலம் என்ற பொருளே கிடையாது. இருப்பது 'இண்டிகன்' என்ற நிறமற்ற சேர்மம். சர்க்கரையோடு பிணைந்து, இலைக்குள் சாதுவாகக் கிடக்கும். அதை நீலமாக மாற்றுவது மனிதனின் வேலை. அந்த வேலை நடக்கும் முறை இதுதான்.

விதைத்து ஏறத்தாழ மூன்று மாதத்தில், பூக்கும் பருவத்தையொட்டிச் செடியை அறுக்கிறார்கள். வேரோடு பிடுங்குவதில்லை, அடித்தாளை விட்டால் மறுபடி தழையும். அறுத்த தழையை அன்றைக்கே தொட்டியில் அடுக்கி, மிதக்காமல் இருக்க மேலே கட்டைகளைப் பாரமாக வைத்து, தண்ணீர் நிரப்புகிறார்கள். இரவு முழுக்க ஊறும். இலையிலிருக்கும் ஒரு நொதி இண்டிகனை உடைத்து, சர்க்கரையைத் தனியாகவும் 'இண்டாக்சில்' என்ற பொருளைத் தனியாகவும் பிரித்துவிடும். காலையில் தொட்டி நீர் மஞ்சள் கலந்த பச்சையாக மாறியிருக்கும். புளித்த வாடை வீசும்.

அந்த நீரைத் தாழ்வான அடுத்த தொட்டிக்கு இறக்குவார்கள். கஷ்டமான வேலை இனிமேல்தான். தொட்டிக்குள் ஆட்கள் இறங்கி, வரிசையாக நின்று, காலால் நீரை உதைத்து உதைத்து அலசுவார்கள். சில இடங்களில் துடுப்பால் அடிப்பார்கள். ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஓயாமல் நடக்கும் வேலை இது. நோக்கம் ஒன்றே: நீருக்குள் காற்றை ஏற்றுவது. காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டதும் இரண்டிரண்டு இண்டாக்சில் மூலக்கூறுகள் கைகோத்து, ஒரு நீல மூலக்கூறு பிறக்கும். பச்சை நுரை மெல்ல மெல்ல நீல நுரையாகும். நுரை அடங்கினால் வேலை முடிந்தது என்று அர்த்தம். சில இடங்களில் சுண்ணாம்புத் தெளிநீரும் ஊற்றுவார்கள். காரத்தன்மை கூடினால் மாற்றம் வேகமாக நடக்கும்.

பிறகு தொட்டியை அசையாமல் விட்டுவிட வேண்டும். நீலம் கரையாத பொருள் என்பதால் சேறுபோல அடியில் படியும். மேல் நீரை வடித்து, சேற்றைக் கொதிக்கவைத்து, துணியில் வடிகட்டி, அழுத்திப் பிழிந்து, கட்டிகளாக அறுத்துக் காயவைத்தால் அவுரி நீலம் தயார். 100 கிலோ பச்சைத் தழைக்குக் கிடைப்பது அரைக் கிலோவைச் சுற்றித்தான். அதிலும் கலப்பில்லாத நீலம் பாதிக்கும் குறைவாகவே இருக்கும். மீதி, செடியின் பிற பொருள்களும் மண்ணும் சுண்ணாம்பும். நல்ல கட்டியைப் பழைய வியாபாரிகள் எளிதாகக் கண்டுபிடிப்பார்கள். நகத்தால் தேய்த்தால் செம்புபோல மினுங்க வேண்டும். தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும்.

ஊறி முடிந்த தழை வீணாவதில்லை. அவுரி, பயறு குடும்பத்துச் செடி. காற்றிலுள்ள நைட்ரஜனை வேரில் பிடித்து வைக்கும். அதனால் தழைக்கழிவு நேராக வயலுக்கு எருவாகப் போகும். சாயம் எடுக்காதவர்கள்கூட நெல் நடவுக்கு முன் இதைப் பசுந்தாள் உரமாக மடக்கி உழுவதுண்டு.

கரையாததைக் கரைப்பது எப்படி?

தண்ணீரில் கரையாத சாயத்தைத் துணியில் ஏற்றுவது எப்படி? உலகின் பல மூலைகளில் இருந்த சாயக்காரர்கள், வேதியியல் என்ற சொல் பிறக்கும் முன்பே இதற்கு விடை கண்டிருந்தார்கள். பெருவில் 2016-ல் ஆராயப்பட்ட பருத்தித் துணித்துண்டுகளில் கிடைத்த நீலம், ஏறத்தாழ 6,000 ஆண்டுப் பழையது.

நீலத்திடமிருந்து ஆக்சிஜனின் பிடியைத் தளர்த்தி, காரநீரில் வைத்தால், அது 'வெண்ணீலம்' என்ற வடிவத்துக்கு மாறும். அந்த வடிவம் கரையும். பெயர்தான் வெண்ணீலம், தொட்டியில் பார்த்தால் மஞ்சள் கலந்த பச்சையாகத் தெரியும். தென்னிந்தியச் சாயச்சாலில் இந்த வேலையைச் செய்தவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். அவற்றுக்குத் தீனி, வேகவைத்த தகரை விதை. மாவு புளிப்பதைப்போல சால் புளிக்கும். காரத்துக்குச் சுண்ணாம்பும், வண்ணார் துணி வெளுக்கப் பயன்படுத்திய சவுட்டுமண்ணும். வேறு ஊர்களில் வெல்லம், தவிடு, பேரீச்சை என்று தீனி மாறும், தத்துவம் மாறாது.

நூலைச் சாலில் முக்கி எடுக்கும்போது பச்சையாக வரும். காற்றில் பிடித்த சில நிமிடங்களில் கண்ணெதிரே நீலமாகும். கரைந்திருந்த சாயம், நூலிழையின் மேற்பரப்பில் மீண்டும் கரையாத நீலமாக உறைந்துவிடுகிறது. ஒரு முக்குக்கு வெளிர் நீலம். பல முக்குக்குக் கருநீலம். படிக்காரம்போல நிறம் பிடிக்கவைக்கும் பொருள் எதுவும் இதற்குத் தேவையில்லை. பெரும்பாலான இயற்கைச் சாயங்களுக்கு இல்லாத வசதி இது.

ஜீன்ஸ் பேன்ட் முழங்காலில் வெளுப்பதற்கும் காரணம் இதுவே. நீலம் நூலின் வெளிப்புறத்தில் மட்டும் வளையமாகப் படிகிறது. நடுவில் நூல் வெள்ளையாகவே இருக்கும். உரசும் இடத்தில் மேல்தோல் போனால் வெள்ளை எட்டிப் பார்க்கிறது. நரியின் சாயம் மழையில் வெளுத்திருக்காது. பாறையில் உரசி உரசி வேண்டுமானால் வெளுத்திருக்கும்!

செனகல் வரை போன துணி

இந்தியாவில் நீலம் எடுக்கும் முறையை 13-ம் நூற்றாண்டிலேயே மார்க்கோ போலோ எழுதிவைத்தார். அவர் குறிப்பிட்ட ஊர் கொல்லம். ஐரோப்பிய மொழிகளின் 'இண்டிகோ' என்ற பெயரே, 'இந்தியாவிலிருந்து வந்தது' என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்ததுதான்.

பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரி, நீலத் துணிக்குப் பேர்போன ஊரானது. 'கினே' என்று பிரெஞ்சுக்காரர்கள் அழைத்த கருநீலப் பருத்தித் துணி இங்கிருந்து கப்பல் ஏறி பிரான்சுக்குப் போகும். அங்கிருந்து மேற்கு ஆப்பிரிக்காவின் செனகலுக்குப் போகும். செனகல் ஆற்றங்கரையில் அந்தத் துணியைக் கொடுத்து, கருவேல இனத்து மரங்களில் வடியும் பிசினை வாங்குவார்கள். ஐரோப்பியத் துணி ஆலைகளுக்கு அந்தப் பிசின் அத்தியாவசியம். 19-ம் நூற்றாண்டின் முற்பாதியில் அந்த வியாபாரத்தில் நீலத்துணி ஏறத்தாழ நாணயம்போலவே புழங்கியது.

பிரான்சின் ரூவான் நகர ஆலைகள் இதே மாதிரித் துணியை நெய்து அனுப்பிப் பார்த்தன. ஆனால், பாலைவன ஓரத்து வாடிக்கையாளர்கள் ஏமாறவில்லை. தொட்டுப் பார்த்து, மினுமினுப்பைப் பார்த்து, முகர்ந்தும் பார்த்து, புதுச்சேரிச் சரக்கையே கேட்டு வாங்கினார்கள். புதுச்சேரிப் பகுதிச் சாயக்காரர்களின் கைவேலைக்கு ஆப்பிரிக்கா கொடுத்த நற்சான்றிதழ் அது.

அந்தப் பெருமைக்கு முற்றுப்புள்ளி வைத்த கதை, கடல் தாண்டி ஜெர்மனியில் தொடங்கியது.

நீலத்தை உடைத்தவர்கள், கட்டியவர்கள்

1826-ல் ஓட்டோ உன்வெர்டோர்பென் என்ற ஜெர்மானியர், அவுரி நீலத்தைச் சூடாக்கி வடித்தபோது எண்ணெய் மாதிரி ஒரு திரவம் கிடைத்தது. 1840-ல் இன்னொரு வேதியியலர் ஃபிரிட்ஷே, நீலத்தைக் கடுங்காரத்தோடு சேர்த்து அதே திரவத்தைப் பெற்று, 'அனிலின்' என்று பெயர் வைத்தார். அவுரிக்குப் போர்த்துக்கீசியர் வைத்த பெயர் 'அனில்'. அது அரபிச் சொல்லான 'அன்-நீல்' என்பதிலிருந்து வந்தது. அதற்கும் பின்னால் இருப்பது நம் 'நீலம்'. உலகத்து வேதியியல் ஆய்வகங்கள் அத்தனையிலும் இருக்கும் அனிலின் புட்டியின் பெயருக்குள் அவுரி ஒளிந்திருக்கிறது.

அனிலின் ஓர் அரோமேட்டிக் சேர்மம். வேதியியலில் இந்தச் சொல்லுக்கு வாசனை என்று பொருளில்லை. ஆறு கார்பன் அணுக்கள் வளையமாகக் கைகோத்து நிற்கும் பென்சீன் அமைப்பு உள்ளே இருக்கிறது என்று பொருள். நீலத்திலும் அப்படி இரண்டு வளையங்கள். 16 கார்பன், 10 ஹைட்ரஜன், 2 நைட்ரஜன், 2 ஆக்சிஜன். மொத்தம் 30 அணுக்கள்தான் நீல மூலக்கூறு.

அந்த 30 அணுக்களும் எப்படிக் கோக்கப்பட்டிருக்கின்றன என்று கண்டுபிடிக்க, அடால்ஃப் வான் பேயர் 1865-ல் ஆராய்ச்சியைத் தொடங்கினார். 1880-ல் ஆய்வகத்தில் நீலத்தைச் செயற்கையாகச் செய்துகாட்டினார். 1883-ல் அதன் அமைப்பை வெளியிட்டார். 1905-ல் வேதியியல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

ஆய்வகத்தில் செய்வது வேறு, விலைக்கு விற்கும்படி செய்வது வேறு. பிஏஎஸ்எஃப் நிறுவனம் அதற்காக ஏறத்தாழ 20 ஆண்டுகள் பணத்தைக் கொட்டியது. நாப்தலீனிலிருந்து ஒரு வழி இருந்தது. நம் வீட்டு அலமாரியில் போடும் அந்துருண்டையில் இருந்த அதே நாப்தலீன்தான். ஆனால், அதன் முதல் படி மிக மெதுவாக நடந்தது. ஒருநாள் ஆய்வின்போது வெப்பமானி உடைந்து பாதரசம் கலவையில் கொட்டியது. வேலை திடீரென வேகம் பிடித்தது! பாதரசம் கிரியா ஊக்கியாக வேலை செய்திருக்கிறது. 1897-ல் ஆலை நீலம் சந்தைக்கு வந்துவிட்டது.

அதே 1897-ல் உலகம் முழுவதும் அவுரி வகைச் செடிகள் ஏறத்தாழ 7,000 சதுர கிலோமீட்டரில் பயிராகின, பெரும்பகுதி இந்தியாவில். செடியிலிருந்து கிடைத்த நீலம் சுமார் 19,000 டன். 1914-ல் அது சுமார் 1,000 டன்னாகச் சுருங்கியது. 17 ஆண்டுகளில் ஒரு பயிரே காணாமல் போனது.

ஜெர்மனியில் விழுந்த விலை, பீகாரில் விழுந்த அடி

அவுரி ஒழிந்ததற்காக எல்லோரும் அழவில்லை. வங்காளத்து விவசாயிகளுக்கு அது அடிமை விலங்கு. தோட்டத் துரைமார் முன்பணம் கொடுத்து, நல்ல நெல் நிலத்தில் அவுரி போடச் சொல்லிக் கட்டாயப்படுத்தினார்கள். கொடுத்த விலையோ கூலிக்கும் காணாது. 1859-ல் விவசாயிகள் கிளர்ந்தெழுந்தார்கள். மறு ஆண்டு, தீனபந்து மித்ராவின் 'நீல் தர்ப்பண்' நாடகம் வெளியானது.

பீகாரின் சம்பாரணில் கொடுமை வேறு வடிவம் எடுத்தது. 20 கட்டா கொண்ட ஒரு பிகா நிலத்தில், 3 கட்டாவில் அவுரி பயிரிட்டே ஆக வேண்டும் என்பது அங்கே நிபந்தனை. செயற்கை நீலம் வந்து விலை விழுந்ததும் துரைமார் நஷ்டத்தைத் தாங்கள் ஏற்கவில்லை. 'அவுரி போடுவதிலிருந்து விடுதலை தருகிறோம்' என்று சொல்லி, அதற்கு ஈடாகக் குத்தகையை ஏற்றினார்கள். மொத்தமாகப் பணமும் கறந்தார்கள். ராஜ்குமார் சுக்லா என்ற விவசாயி விடாமல் அழைத்து, 1917 ஏப்ரலில் காந்தியைச் சம்பாரணுக்கு வரவழைத்த பின்னணி இதுதான். 1918-ல் வந்த சட்டம் அந்த 3 கட்டா முறையை ஒழித்தது. இந்திய மண்ணில் காந்தியின் முதல் போராட்டத்துக்குப் பின்னால் ஒரு வேதியியல் கண்டுபிடிப்பும் நிற்கிறது.

முதல் உலகப் போரில் ஜெர்மன் சாயம் வருவது நின்றபோது அவுரிக்குக் கொஞ்ச காலம் மறுவாழ்வு கிடைத்தது. போர் முடிந்ததும் அதுவும் முடிந்தது.

ஆலை நீலம் எப்படித் தயாராகிறது?

இன்றைய உலகுக்கு வேண்டிய நீலம் ஏறத்தாழ முழுவதும் பெட்ரோலியத்திலிருந்து வருகிறது. ஆண்டுக்குப் பல்லாயிரம் டன். மூலப்பொருள், அவுரியிடம் பெயர் வாங்கிய அதே அனிலின். அதனுடன் ஃபார்மால்டிஹைடும் ஹைட்ரஜன் சயனைடும் சேர்த்து, 'ஃபினைல் கிளைசின்' என்ற இடைப்பொருளைச் செய்கிறார்கள். அதை உருகிய காரத்தில் சோடமைடு சேர்த்துச் சூடாக்கினால் இண்டாக்சில் கிடைக்கும். பிறகு காற்றைச் செலுத்தினால் நீலம். அதாவது, கடைசிப் படி அவுரித் தொட்டியில் நடப்பதுதான். கால்களுக்குப் பதில் இயந்திரம்.

துணி ஆலையில் இதைக் கரைக்க நுண்ணுயிருக்குக் காத்திருப்பதில்லை. 'ஹைட்ரோஸ்' என்று சாயப்பட்டறைகளில் சொல்லும் சோடியம் ஹைட்ரோசல்ஃபைட் போட்டால் நிமிடங்களில் வேலை முடியும். ஆனால், கழிவுநீரில் கந்தக உப்புகள் சேரும். சாயக்கழிவு ஓர் ஆற்றை என்ன செய்யும் என்று கொங்கு மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நொய்யல் மாசுபட்ட வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அங்கே பின்னலாடைக்குப் புழங்கும் சாயங்கள் பெரும்பாலும் வேறு வகை. நீருக்கு நேரும் கதி ஒன்றுதான்.

ஆலை நீலத்தில் மாறாமல் மிஞ்சும் அனிலின் இன்னொரு பிரச்னை. தொழிலாளர் உடம்புக்கும் நீர்வாழ் உயிர்களுக்கும் அது ஆகாது. 2018-ல் ஸ்விட்சர்லாந்தின் ஆர்க்ரோமா நிறுவனம், அனிலின் மிச்சம் இல்லாத நீலச் சாயத்தை அறிமுகப்படுத்தியதே, பிரச்னை இருந்தது என்பதற்குச் சாட்சி.

இரண்டும் ஒன்றுதானா?

மூலக்கூறு அளவில் ஒன்றேதான். திண்டிவனத்து அவுரி தரும் நீலத்துக்கும் ஆலையில் பிறந்த நீலத்துக்கும் அந்த 30 அணுக்களில் எந்த வித்தியாசமும் இல்லை. செடி நீலத்தில் கூட்டாளிகள் உண்டு. 'இண்டிருபின்' என்ற சிவப்புப் பொருள் அவற்றில் ஒன்று. செடி நீலம் தனித்த சாயலோடு தெரிய இந்தக் கலப்பும் ஒரு காரணம். ஆலை நீலம் ஏறத்தாழ சுத்தம். கண்ணை ஏமாற்றலாம், கார்பன்-14 சோதனையை ஏமாற்ற முடியாது. சமீபத்தில் வளர்ந்த செடியில் கார்பன்-14 இருக்கும். கோடிக்கணக்கான ஆண்டு மண்ணுக்கடியில் கிடந்த பெட்ரோலியத்தில் இருக்காது.

ஆகவே, 'இயற்கை நீலம்தான் உயர்ந்த நிறம்' என்று சொல்வதைவிட, அது எப்படி வந்தது, யார் கைக்குக் காசு போனது, எந்த நீரில் கழிவு கலந்தது என்று கேட்பதே சரி. வங்காளத்து அவுரியும் நூற்றுக்கு நூறு இயற்கைதான். அதை விளைவித்தவன் பட்டினி கிடந்தான்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு ஜீன்ஸ் பேன்ட்டுக்கு 3 முதல் 12 கிராம் நீலம் தேவை. 100 கிலோ அவுரித் தழையை அறுத்து, ஊறவைத்து, உதைத்து எடுத்தால் சில டஜன் பேன்ட்டுகளுக்குத்தான் வரும். 7,000 சதுர கிலோமீட்டரில் பயிரிட்ட காலத்திலேயே கிடைத்தது 19,000 டன்தான். உலகம் உடுத்தும் ஜீன்ஸ் அத்தனைக்கும் செடி நீலம் போதாது. அதற்காக நெல் வயல்களை அவுரிக்குத் திருப்பினால், பழைய வங்காளக் கதை திரும்பிவிடும்.

திண்டிவனத்தில் திரும்பிய நீலம்

அப்படியானால் செடி நீலத்துக்கு என்ன வேலை? கைத்தறி, கலம்காரி, கைவேலைத் துணிகள், சுற்றுச்சூழலைப் பார்த்து வாங்கும் வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் என்று ஒரு சின்னச் சந்தை இருக்கிறது. அந்தச் சந்தைக்குச் சரக்கு அனுப்பும் ஊர்களில் திண்டிவனம் முக்கியமானது. சுற்றுவட்டார விவசாயிகள் பயிரிடும் அவுரியிலிருந்து எடுத்த நீலக்கட்டியும் தூளும், அவுரி இலைப்பொடியும் இங்கிருந்து வெளிநாடுகளுக்குப் போகின்றன.

பொம்மையார்பாளையத்துக்கு மேற்கே ஆரோவிலில், 1990-களிலிருந்து 'தி கலர்ஸ் ஆஃப் நேச்சர்' என்ற இயற்கைச் சாய நிலையம் இயங்குகிறது. நுண்ணுயிர் புளிக்கவைக்கும் பழைய சால் முறையை அங்கே மீட்டெடுத்திருக்கிறார்கள். ஹைட்ரோஸ் தொட்டியைப்போல இதை அடிக்கடி கொட்டிக் கவிழ்க்க வேண்டியதில்லை. தீனி போட்டு, காரம் பார்த்து, கவனமாக வைத்துக்கொண்டால் ஒரே சால் நீண்ட காலம் உழைக்கும். தோசை மாவில் பழைய மாவைக் கொஞ்சம் மிச்சம் வைப்பதுபோலத்தான். நிலத்தடியில் கடல்நீர் ஏறிவிடுமோ என்று பயப்படும் கடலோரப் பகுதியில், கழிவுநீர் குறைவது சின்ன விஷயம் இல்லை.

விவசாயிக்கு அவுரியில் சாதகங்கள் உண்டு. அதிக உரம் கேட்காது. ஆடுமாடு அதிகம் மேயாது. மண்ணுக்குச் சத்துச் சேர்க்கும். ஆபத்தும் உண்டு. நெல்லோ மணிலாவோ விலை போகாவிட்டால் வீட்டுக்காவது ஆகும். அவுரியை வாங்க ஆள் வராவிட்டால் மடக்கி உழுவதைத் தவிர வழியில்லை. தழையை அறுத்த அன்றே தொட்டி சேர்க்க வேண்டும் என்பதால், தொட்டி வைத்திருப்பவர் சொல்லும் விலைக்கு விவசாயி கட்டுப்பட வேண்டியிருக்கும். விதைக்கும் முன்பே விலையை எழுத்தில் பேசிக்கொள்வதும், பத்துப் பேர் சேர்ந்து ஒரு தொட்டி கட்டிக்கொள்வதும் அதற்குப் பரிகாரம். இந்தப் பயிரின் சரித்திரமே அதைத்தான் சொல்கிறது.

வீட்டுக்குள் வரும் நீலம்

அவுரியைப் பலர் சந்திப்பது தலைமுடிச் சாயமாக. மருதாணி மட்டும் போட்டால் நரை செம்பட்டையாகும். அதை அலசிவிட்டு, அவுரி இலைப்பொடியை வெதுவெதுப்பான நீரில் குழைத்துப் பூசினால் முடி கறுக்கும். பொடியைக் குழைத்துப் பத்து, பதினைந்து நிமிடத்தில் பூசிவிட வேண்டும். ராத்திரி ஊறவைத்தால் நீலம் கிண்ணத்திலேயே உருவாகி வீணாகிவிடும். அலசியதும் முடி கொஞ்சம் பச்சையாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். காற்றுப்பட்டு ஓரிரு நாளில் கறுக்கும். மேலே சொன்ன தொட்டி வேதியியல்தான் தலையிலும் நடக்கிறது!

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில.

• அவுரி இலைப்பொடி பச்சையாக இருக்க வேண்டும். சாயக்கட்டியின் நீலத் தூள் தலைக்கு உதவாது, அது கரையாது.

• 'ஒரே பூச்சில் ஜெட் கறுப்பு' என்று விற்கும் கறுப்பு மருதாணியில் பிபிடி என்ற வேதிப்பொருள் கலந்திருக்கலாம். அதுவும் ஓர் அரோமேட்டிக் சேர்மம்தான். பலருக்குக் கடும் தோல் ஒவ்வாமை தரும். எதுவானாலும் முழங்கை மடிப்பில் கொஞ்சம் பூசி, இரண்டு நாள் பார்த்துவிட்டுப் பயன்படுத்துவது நல்லது.

• வெள்ளைத் துணிக்குப் போடும் நீலப் பொடிக்கும் அவுரிக்கும் சம்பந்தம் இல்லை. அது அல்ட்ராமரைன் என்ற கனிம நிறமி.

• நீலத்தைக் கந்தக அமிலத்தோடு வினைபுரியவைத்தால் 'இண்டிகோ கார்மைன்' கிடைக்கும். இது தண்ணீரில் கரையும். உணவுப் பொருள்களில் குறிப்பிட்ட அளவுக்கு இந்தியாவில் அனுமதிக்கப்பட்ட நிறம். லேபிளில் 132 என்ற எண்ணோடு இருக்கும்.

• சித்த வைத்தியம் அவுரியை நஞ்சு முறிக்கும் மூலிகை என்கிறது. அதை நம்பி பாம்புக்கடிக்கு வீட்டு வைத்தியம் பார்க்கக் கூடாது. ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும். நீலச் செடிகளிலிருந்து எடுக்கும் ஒரு சீன மருந்தைத் தாங்களாகவே வாங்கிச் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் ரத்தக்குழாய் அழுத்தம் கூடியதால், 2016-ல் ஜப்பான் சுகாதார அமைச்சகம் எச்சரிக்கை வெளியிட்டது. மருத்துவர் சொல்லாமல் உள்ளுக்குச் சாப்பிட வேண்டாம்.

அடுத்த முறை கடையில் 'இயற்கை இண்டிகோ' என்று எழுதிய சேலையோ குர்தாவோ கையில் கிடைத்தால், நிறத்தைப் பார்த்தவுடன் பில் போட வேண்டாம். அவுரி எந்த ஊரில் விளைந்தது, சாலில் ஹைட்ரோஸ் போட்டார்களா, புளிக்கவைத்தார்களா என்று இரண்டு கேள்வி கேளுங்கள். தெரிந்து விற்பவர் மகிழ்ச்சியாகப் பதில் சொல்வார். தெரியாதவர் பேச்சை மாற்றுவார். நீலத்தின் சாயம் வெளுக்காது. விற்பவரின் சாயம் அங்கேயே வெளுத்துவிடும்!